கெடாவில் ஓர் ஏவுகணைப் பட்டிமன்றம்

பட்டிமன்ற நடுவராகக் கடல் கடந்து போனவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். ஏவுகணைகளைப் பற்றிய பட்டிமன்றத்துக்குப் போனவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

திருநெல்வேலியில் ஒரு மகளிர் கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், பாய்ந்து வரும் ஏவுகணையை வானத்திலேயே அடித்து வீழ்த்தும் அமைப்புகளைப் பற்றித் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினேன். என் வீட்டுக்காரர் உட்பட எங்கள் ஊரில் யாரும் அதைப் படித்து முடித்ததாகத் தெரியவில்லை. ஆனால் மலேசியாவின் கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டாரில் இருக்கும் ஒரு வாசகர் வட்டம் படித்திருந்தது. அதன் செயலாளர் சரோஜா தொலைபேசியில் கூப்பிட்டார். தலைப்பை அவர்களே முடிவு செய்திருந்தார்கள்: 'ஏவுகணைக் கவசம் அணுப்போரைத் தடுக்குமா, அழைக்குமா?' நடுவராக வர வேண்டும், எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றார். இப்படி ஒரு தலைப்புக்கு ஆள் வருவார்களா என்று கேட்டேன்.

"சோறு போடறோம் டீச்சர். வருவாங்க லா" என்று மலேசியப் பாணியில் இழுத்தார்.

ஒரு புதன்கிழமை காலை பினாங்கு விமான நிலையத்தில் இறங்கினேன். அழைத்துப் போக வந்தவர் சரோஜாவின் கணவர் மாணிக்கம். செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், ஏற்றும் டாங்கர் லாரி ஓட்டுகிறவர். ஆறடி உயரம், அதிகம் பேசாத வாய். அவருடைய காரை அவர் 'காடி' என்றுதான் சொன்னார். இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தக் காடிக்கு வயது இருபதுக்கு மேல் இருக்கும். பாலத்தைத் தாண்டி வடக்கே திரும்பியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள் வந்தன. பிறகு இடது பக்கத்தில் இருந்த மரங்கள் விலகி, ஜெராய் மலை எழுந்து நின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவளுக்கு, துணைக்கு ஒரு குன்றுகூட இல்லாமல் தனியாக நிற்கும் அந்த மலை வினோதமாக இருந்தது.

குருன் பக்கத்தில் காடியின் முன்புறத்திலிருந்து புகை வந்தது. ஓரம் கட்டி மூடியைத் திறந்தால், ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மரத்தடியில் நின்றோம். அங்கேதான் மாணிக்கம் முதல்முறையாக வாயைத் திறந்து என்னிடம் ஒன்று கேட்டார்.

"டீச்சர், அந்தத் தடுக்குற மிசைல் இருக்கே, பத்து வந்தா பத்தையும் அடிச்சிடுமா?"

செய்கிறவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள், வாங்குகிறவர்கள் வேறு கணக்குச் சொல்வார்கள், உண்மை தரையில் விழுந்த பிறகுதான் தெரியும் என்றேன். வகுப்பில் இந்தப் பதிலுக்கு மாணவிகள் சிரிப்பார்கள். மாணிக்கம் சிரிக்கவில்லை. கொதிக்கும் தண்ணீரின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்.

பிக்கப் வண்டியில் வந்த ஒரு மலாய்ப் பெரியவர் நிறுத்திவிட்டு இறங்கினார். தான் குடிக்க வைத்திருந்த இரண்டு பெரிய பாட்டில் தண்ணீரையும் ஆறவிட்டு ஆறவிட்டு ரேடியேட்டரில் ஊற்றினார். மாணிக்கம் அவர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னார்: இந்த வெயிலில் மனிதனே கொதிக்கிறான், இரும்பு கொதிக்காதா என்கிறாராம். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டவர், இந்தியா என்றதும் மாம்பழக் காலம் முடிந்துவிட்டதா என்று விசாரித்தார். எங்கே போகிறேன், எதற்கு என்று கேட்கவில்லை. நல்லவேளை.

குருன் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். எங்கள் ஊர்ப் பரோட்டாவின் மெலிந்த தங்கை. சால்னாவுக்குப் பதில் பருப்புக் குழம்பு. மூன்றாவதைக் கேட்க வெட்கமாக இருந்தது, மாணிக்கமே சொல்லிவிட்டார்.

அவர்கள் வீடு அலோர் ஸ்டாரை ஒட்டிய மெர்கோங்கில், வரிசை வீடுகளில் ஒன்று. கூடத்தில் நர்ஸ் உடையில் ஒரு பெண்ணின் பெரிய படம் இருந்தது. மகள் கவிதா, வளைகுடா நாடு ஒன்றில், பச்சிளம் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறாள் என்று சரோஜா சொன்னார். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் சரோஜா அப்போதுதான் வேலை முடிந்து கையில் பொட்டலங்களோடு வந்திருந்தார். நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். "இருக்கா" என்றார். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பயணக் களைப்பில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வியாழன். சரோஜா 'ச்சூத்தி' போட்டிருந்தார். விடுப்புக்கு இங்கே சொல்லும் மலாய்ச் சொல். இருவருமாகக் கோத்தா கோலா மூடாவுக்குப் போனோம். மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் மீனவர் ஊர். அங்கே ஒரு மீன் ஏலம் நடக்கிறது. நான் பார்த்த ஏலங்களிலேயே சத்தமில்லாத ஏலம் அதுதான். மீன் கூடையைச் சுற்றி வாங்குகிறவர்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவராக விற்கிறவரின் காதருகே குனிந்து, தோளில் கை போட்டு, தன் விலையைக் கிசுகிசுக்கிறார்கள். எல்லாரும் சொல்லி முடித்ததும் அவர் ஒருவரைப் பார்த்துத் தலையசைக்கிறார். அவ்வளவுதான். தூத்துக்குடி துறைமுகத்து ஏலத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர்கள் இதைப் பார்த்தால் நம்ப மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். ஐம்பத்தைந்து வயது, ரப்பர் பூட்ஸ், கழுத்தில் சிலுவை. பெயர் தெரேசா. சுங்கைப்பட்டாணி பக்கத்துத் தோட்டத்தில் குடியிருக்கிறவர். இங்கே மீன் வாங்கிச் சிறு வேனில் தோட்டம் தோட்டமாக விற்கிறார். பட்டிமன்றத்தில் சரோஜாவின் அணியில் பேசப்போகிறவரும் அவர்தான். எதிரணிக்கு மாணிக்கம். என்னைப் பார்த்ததும், நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்று சொல்லி ஒரு கொடுவா மீனை எனக்கென்று தனியாக எடுத்து வைத்தார்.

கடற்கரையில் நடந்தோம். எங்கள் நாகப்பட்டினத்தை அழித்த அதே சுனாமி அலை அதே நாளில் இங்கேயும் ஏறி வந்திருக்கிறது. இப்போது கரையில் உயரமான ஒரு கம்பத்தில் எச்சரிக்கை சைரன் இருக்கிறது. சரோஜா அதன் அடியில் நின்று மேலே பார்த்தார்.

"கவிதா இருக்க ஊர்லயும் இப்படித்தான் இருக்காம், டீச்சர்" என்றார்.

பிறகு நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சமீபத்தில் இரண்டு முறை மகள் இருக்கும் நகரத்தின் மேல் ஏவுகணைகள் வந்திருக்கின்றன. தடுப்பு ஏவுகணைகள் மேலே எழும்பி அவற்றை உடைத்திருக்கின்றன. கவிதா அனுப்பிய காணொளியில், வெளிச்சப் புள்ளி ஒன்று மேலே போகிறது, இன்னொரு வெளிச்சத்தைத் தொடுகிறது, கொஞ்சம் கழித்து இடி போல ஒரு சத்தம். சரோஜா அதை ஒரே ஒரு முறை பார்த்தாராம். மாணிக்கம் தினமும் பார்க்கிறாராம். மகளின் வேலை ஒப்பந்தம் முடிகிறது, தொடர்வதென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதான் தடுப்பு நன்றாக வேலை செய்கிறதே, இருக்கட்டும் என்கிறார் அப்பா. மூட்டையைக் கட்டிக்கொண்டு வா என்கிறார் அம்மா. இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு. பிறகு பேச்சே இல்லை. அப்போதுதான் யாரோ கொடுத்த என் புத்தகம் சரோஜாவின் கைக்கு வந்திருக்கிறது.

"உங்க தீர்ப்பு எப்படி வருதோ, அதையே கவிதாகிட்ட சொல்லிடறதுன்னு நாங்க பேசி வெச்சிருக்கோம்" என்றார்.

நான் வந்தது ஒரு பொழுதுபோக்குக்கு. இரண்டு அணியையும் பாராட்டி, நாலு நகைச்சுவை சொல்லி, கடைசியில் பொன்னாடை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தவள். நெருநெருவென்ற மணலில் நின்றுகொண்டு, அது சரியில்லை, என் பேச்சை வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்யக் கூடாது என்று சொன்னேன். சரோஜா கோபப்படவில்லை. "வேற யார்கிட்ட கேக்கறது? இதப் பத்தித் தமிழ்ல எழுதின ஒரே ஆள் நீங்கதான்" என்றார். வழியில் இறால் மீ சாப்பிட்டோம். தட்டு நிறைய இறால், தக்காளிக் குழம்பில் நீந்தும் நூடுல்ஸ். நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு ருசி நினைவில்லை.

வெள்ளிக்கிழமை கெடாவில் வார விடுமுறை. ஞாயிறு வேலை நாள். நாலு நாள் இருந்தும் இது என் மண்டையில் ஏறவேயில்லை. மாணிக்கம் எங்களைத் தெரேசாவின் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். முன்பு ரப்பர் இருந்த இடம், இப்போது முழுக்கச் செம்பனை. பழக்குலைகளை ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களுக்கு முன்னால் போனது. அதிலிருந்து விழுந்த ஒரு குலையை இறங்கி எடுத்து வைத்துவிட்டு, பின்னால் வந்த எங்களுக்காக ஒதுங்கி வழிவிட்டார்கள் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் இரண்டு பேர். தமிழ்க் குடும்பங்கள் இப்போது சிலதான். பலர் தொழிற்சாலைகளுக்கும் நகரங்களுக்கும் போய்விட்டார்கள். தெரேசா போகவில்லை. எங்கே போனாலும் மீன் விற்கத்தானே போகிறேன் என்றார்.

சமையலறையில் உட்கார்ந்து கொடுவா மீன் குழம்பு சாப்பிட்டோம். புளி எங்கள் ஊர்ப் புளி போல இல்லை. கொஞ்சம் துவர்ப்பான, தகடு தகடான ஒரு காய்ந்த புளி. பரிமாறி முடித்ததும் தெரேசா தன் தட்டோடு எதிரே உட்கார்ந்தார். என் புத்தகத்தில் அவருக்கு ஓர் இடம் புரியவில்லையாம். தடுக்கிறது நல்லதுதானே, அதைப் பார்த்து அடுத்தவன் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டார்.

நான் விளக்கினேன். அணுகுண்டு வைத்திருக்கும் இரண்டு நாடுகள். ஒருவன் அடித்தால் மற்றவன் திருப்பி அடிப்பான், இருவரும் அழிவார்கள். அந்தப் பயத்தில்தான் இருவரும் சும்மா இருக்கிறார்கள். இத்தனை வருடம் உலகம் இந்த அசிங்கமான ஏற்பாட்டில்தான் ஓடியிருக்கிறது. இப்போது ஒருவன் மட்டும் தலைக்கு மேல் ஒரு கவசம் கட்டுகிறான். ஆயிரம் ஏவுகணை ஒரே நேரத்தில் வந்தால் அந்தக் கவசம் தாங்காது. ஆனால் முந்திக்கொண்டு எதிரியின் ஏவுகணைகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டால், மிச்சம் வருகிற பத்து இருபதை அந்தக் கவசம் தடுத்துவிடக்கூடும்.

"அப்படின்னா கவசம் கட்டினவன் முதல்ல அடிக்கப் பாக்கிறான்னு மத்தவன் நெனைப்பான்" என்றார் தெரேசா.

ஆமாம், கவசம் கட்டினவன் அப்படி நினைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, மற்றவன் அப்படிச் சந்தேகப்பட்டாலே போதும் என்றேன். சந்தேகப்பட்டவன் இன்னும் கூடுதலாக ஏவுகணை செய்வான். நிஜக் குண்டோடு சேர்த்து வெறும் பலூன்களையும் அனுப்புவான். விண்வெளியில் காற்று இல்லாததால் பலூனும் குண்டும் ஒரே வேகத்தில்தான் போகும், எது எதென்று தெரியாது. இவன் அதற்கு இன்னும் பெரிய கவசம் தேடுவான். நான் முப்பது வருடம் வகுப்பில் நடத்தியும் சில மாணவிகளுக்குப் பிடிபடாததை இந்த அம்மாள் மீன் எலும்பை ஒதுக்கிக்கொண்டே பிடித்துவிட்டார்.

அவர் அடுத்துக் கேட்டதுதான் கஷ்டமான கேள்வி. உங்கள் நாட்டில் குண்டு, கவசம் இரண்டும் இருக்கிறதே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் நாடு அணுகுண்டு சோதித்தபோது எங்கள் தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன் என்று உண்மையைச் சொன்னேன். அடுத்த சில நாட்களிலேயே பக்கத்து நாடும் சோதித்தது. அங்கேயும் மிட்டாய் கொடுத்தார்கள் என்று செய்தியில் பார்த்தேன். இந்தப் புத்தகத்தை எழுதத் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். தெரேசா என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டிமன்றம். மெர்கோங்கில் ஒரு சமூக மண்டபம். கூரைத் தகரத்தில் மழை அடித்ததில், பேசுகிறவர் சத்தம் பேசுகிறவருக்கே கேட்கவில்லை. போதாததற்குத் தலைமையுரை பாதியில் மின்சாரம் போனது, மைக் செத்துவிட்டது. கூட்டம் கலையும் என்று நினைத்தேன். கலையவில்லை. நாற்காலிகளை மேடைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். எழுபது எண்பது பேர் இருக்கும். தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்தவர்கள் சிலர், கைக்குழந்தையோடு சிலர். சோற்றுக்காக வந்த கூட்டம் இல்லை அது.

மாணிக்கம் எழுந்தார். லாரிக்காரர்களின் உரத்த குரல், மழையை மீறிக் கேட்டது. நான் பார்த்த ஊமை மனிதரா இவர் என்று இருந்தது. டாங்கரில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு மலையிறக்கத்தில் வரும்போது பிரேக்கை நம்பித்தானே வருகிறேன் என்றார். பிரேக் இருக்கிறது என்பதற்காக யாரும் வேண்டுமென்றே வேகமாக ஓட்டுவதில்லை. வானத்திலிருந்து விழுகிறதைத் தடுக்க ஒன்று இருக்கும்போது, அதைக் குறை சொல்கிறவர்கள் அதன் அடியில் நின்று பார்த்தவர்கள் இல்லை என்றார். கைதட்டல் பலமாக இருந்தது.

தெரேசா கிசுகிசு ஏலத்தைச் சொன்னார். கூடையைச் சுற்றி நிற்கும்போது பக்கத்தில் இருக்கிறவன் என்ன சொன்னான் என்று தெரியாது. தெரியாததால்தான் பயம். அந்தப் பயத்தில் மீனின் பெறுமானத்தை மீறித் தானே எத்தனையோ நாள் சொல்லியிருப்பதாகச் சொன்னார். "மீன்னா, அன்னைக்கு நஷ்டத்தோட போச்சு. குண்டுல அப்படிச் செஞ்சா எங்க போய் நிக்கிறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

கடைசியாகச் சரோஜா. கையில் குறிப்புகள் இருந்தன. இந்தத் தென்கிழக்கு ஆசிய வட்டாரத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து, எங்கள் மண்ணில் அணு ஆயுதமே வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டிருக்கின்றன என்றார். தங்களுக்குள் ஆயிரம் சண்டை உள்ள நாடுகள்தான். ஆனாலும் கையெழுத்துப் போட்டன, இன்றுவரை மீறவில்லை. நம்மிடம் கவசமும் இல்லை, குண்டும் இல்லை. இந்த மண்டபத்தில் உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறோம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த குறிப்பை எடுத்தார். படிக்கவில்லை. காகிதத்தை மடித்தார்.

"எனக்கு இந்த வாதமெல்லாம் பெரிசில்ல. எம் பொண்ணு அங்க இருக்கா" என்றார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரணி நாற்காலியில் மாணிக்கம் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் முறை. மழை விட்டிருந்தது. தயாரித்து வைத்திருந்த நகைச்சுவைகளை விட்டுவிட்டேன். இந்தத் தலைப்பில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றேன். சாதாரண வெடிமருந்தோடு வரும் ஏவுகணையை ஒரு கவசம் தடுத்தால், அதன் அடியில் இருப்பவர்கள் பிழைக்கிறார்கள். பத்தில் ஒன்று தப்பி விழுந்தாலும் மற்ற ஒன்பதால் சாக வேண்டியவர்கள் சாகவில்லை. அதில் மாணிக்கம் சொன்னது சரி. ஆனால் அணுகுண்டில் தப்பிய ஒன்றே ஒரு நகரம். அங்கே கவசத்தை நம்பித் துணிந்தால் முடிந்தது கதை; எதிரியும் அதைப் பார்த்துப் பயந்து ஆயுதத்தைப் பெருக்குவான். அதில் சரோஜாவும் தெரேசாவும் சொன்னது சரி. ஒரு காலத்தில் இரண்டு வல்லரசுகள் இதைப் புரிந்துகொண்டு, கவசத்தையே ஓர் அளவுக்கு மேல் கட்டுவதில்லை என்று உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டன. அது முப்பது வருடம் நின்றது. பிறகு ஒரு தரப்பு விலகிவிட்டது. ஒரு முறை முடிந்தது என்றால் மறுபடியும் முடியும் என்பதுதான் என் நம்பிக்கை. எனவே அணுப்போரைப் பொறுத்தவரை, கவசத்தைவிடப் பேச்சுவார்த்தைதான் காக்கும் என்று தீர்ப்பு.

கைதட்டினார்கள். நான் உட்காரவில்லை. இந்தத் தீர்ப்பு தலைப்புக்கு மட்டும்தான், எந்த வீட்டுக்கும் இல்லை என்றேன். கவசத்தின் அடியில் இருக்கிற பெண்ணை யாரும் இன்னும் கேட்கவில்லை, அவளைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சோறு பரிமாறும் இடத்துக்குப் பின்னால் மாணிக்கம் என்னிடம் வந்தார். கையில் எனக்காக ஒரு கோப்பை தேநீர்.

"டீச்சர், எனக்கும் பயம்தான். அது வேலை செய்யுதுன்னு நம்பினாத்தான் என்னால லோரி ஓட்ட முடியுது" என்றார். அதைச் சரோஜாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். போய்ச் சொல்லுங்கள் என்றேன். போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. இலை போடும்போது இருவரும் ஒரே வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை ஆறு மணிக்குக் கவிதாவைக் காணொளியில் கூப்பிட்டார்கள். அங்கே அவளுக்கு மதிய உணவு நேரம். நான் உள்ளே போகப் பார்த்தேன். சரோஜா கையைப் பிடித்து உட்கார வைத்தார். நீ என்ன நினைக்கிறாய் என்று மாணிக்கம்தான் கேட்டார். திரையில் அந்தப் பெண் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு மாசமா இதத்தான் பா எதிர்பார்த்தேன்" என்றாள்.

முதல்முறை சைரன் அடித்தது ஒரு மத்தியானம் என்று சொன்னாள். வார்டில் பதினோரு குழந்தைகள். தொட்டில்களைக் கீழ்த்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவளோடு மறுமுனையைப் பிடித்துத் தள்ளியவள் லைலா என்ற நர்ஸ். அந்த ஏவுகணைகளை எந்த நாட்டிலிருந்து ஏவினார்களோ, அந்த நாட்டுப் பெண். மேலே சத்தம் கேட்கும்போதெல்லாம் லைலா தொட்டில்மேல் குனிந்து குழந்தைகளை மறைத்துக்கொண்டாளாம். பயம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன் என்றாள் கவிதா. ஆனால் பயந்துகொண்டு வேலையை விட்டு வர அவளுக்கு மனமில்லை. புதிதாக வந்திருக்கும் நர்சுகளுக்கு அவள்தான் பயிற்சி கொடுக்கிறாள். "ஒரு வருஷம் மட்டும் போடறேன் மா. அதுக்கப்புறம் வந்துடறேன். அது நானே முடிவு பண்ணி வரதா இருக்கணும்" என்றாள்.

சரோஜா அழுவார் என்று நினைத்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"அந்தப் பொண்ணோட அம்மா எங்க இருக்காங்க?"

ஊரில்தான் என்றாள் கவிதா. அங்கே இந்தக் கவசம் இருக்கிறதா என்று கேட்டார் சரோஜா. இல்லை, சைரன்கூட ஒழுங்காக இல்லையாம், இங்கிருந்து திருப்பி அடிப்பார்களோ என்று லைலா தினமும் அம்மாவுக்குப் போன் செய்து அழுகிறாள் என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் புத்தகத்தில் ஏழெட்டுப் படங்கள் வரைந்திருந்தேன். கவசம், அதன் அடியில் ஒரு நகரம், வீடுகள், ஒரு பள்ளிக்கூடம்கூட. எதிர்ப்பக்கத்தில் வெறும் ஏவுதளமும் ஓர் அம்புக்குறியும்தான். அங்கே ஒரு வீடு வரைய எனக்குத் தோன்றவில்லை.

சரோஜா லைலாவிடம் பேச வேண்டும் என்றார். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில்தான் இருந்தாள் அவள். சின்ன முகம், களைத்த கண்கள். இருவருமே அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். சாப்பிட்டாயா என்றுதான் சரோஜா ஆரம்பித்தார். உன் அம்மாவுக்கு என்ன வயது, கால் வலி உண்டா, தனியாகவா இருக்கிறார் என்று விசாரித்தார். பத்து நிமிடத்துக்கு மேல் போனது. நடுவில் மாணிக்கம் தலையை நீட்டி, குழந்தைகளை மறைத்ததற்கு நன்றி என்று மலாயில் சொன்னார். அவளுக்கு மலாய் தெரியாது, ஆனாலும் சிரித்தாள். கடைசியில் சரோஜா அவள் அம்மாவின் எண்ணை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கவிதாவிடமிருந்து கையெழுத்திட்ட தாளின் படம் வந்தது. சரோஜா அதைப் பார்த்துவிட்டு, மாணிக்கத்திடம் நீட்டினார். ஒரு வருடம்தானே என்று சொல்லிவிட்டு, அடுத்த தீபாவளிக்கு அவளோடு அந்தப் பெண்ணையும் வரச் சொல்ல வேண்டும், மாடி அறையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். மாணிக்கம் மாடி விசிறி சுற்றுவதில்லை என்று ஞாபகப்படுத்தினார். நெடுநாள் கழித்து அந்த வீட்டில் நடந்த ஒரு சாதாரணப் பேச்சாக அது இருந்திருக்க வேண்டும். இருவருமே அதை முடிக்க மனமில்லாமல் விசிறியைப் பற்றியே வெகுநேரம் பேசினார்கள்.

சரோஜா இன்னும் ஒரு நாள் ச்சூத்தி போட்டு, பினாங்குப் பக்கம் போக என்னை ரயிலேற்றிவிட இருவரும் வந்தார்கள். அலோர் ஸ்டார் நிலையத்தில் வண்டிக்கு இருபது நிமிடம் இருந்தது. நடைமேடையில் உட்கார்ந்திருந்தபோது சரோஜாவின் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. வயதான ஒரு பெண்ணின் குரல், எங்கள் மூவருக்கும் தெரியாத மொழி. நடுவில் ஒரு முறை இருமினார், பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவியது. கூடவே லைலாவின் ஆங்கில வரிகள் வந்தன. நான்தான் வாசித்துத் தமிழில் சொன்னேன்: உங்கள் மகள் என் மகளோடு இருக்கிறாள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். உங்கள் ஊரில் என்ன அரிசி விளைகிறது?

சரோஜா போனை வாயருகே பிடித்துத் தமிழில் பேச ஆரம்பித்தார். அவர்களுக்குத் தமிழ் தெரியாதே என்றார் மாணிக்கம். கவிதா சொல்லிக்கொள்வாள் என்று கையாலேயே சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். கெடாவின் வயல்களைச் சொன்னார், இரண்டு போக நெல்லைச் சொன்னார், நேற்று மண்டபக் கூரைமேல் பெய்த மழையைச் சொன்னார்.

வண்டி வந்தது. மாணிக்கம் என் பெட்டியைத் தூக்கி வைத்தார். கண்ணாடிக் கதவு மூடும்போது சரோஜா ஒரு கையால் எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே, இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.